இரத்தம் கூறும் சேதி

சென்ற ஆண்டு ஆடித் திங்களில் ஓர் இரவு, மணி பதினொன்றைத் தாண்டியபின், நம் சங்க அன்பர் ஒருவர் இல்லத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. மகனையும் பேரக் குழந்தைகளையும் பார்த்துப் போவதற்காக ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய தந்தையார் நினைவு தடுமாறிக் கிடக்கிறார், மருத்துவமனையில் சேர்த்தாயிற்று, அன்பரோ வெளியூர்ப் பணியில் இருக்கிறார், அங்கே பேசும் ஹிந்தி வீட்டுப் பெண்களுக்குச் சரிவர விளங்கவில்லை, உடனே வரவேண்டும் என்பது செய்தி. நாமும் அண்டை வீட்டு நண்பரும் புறப்பட்டுச் சென்றோம்.

பெரியவருக்கு வயது அறுபத்தெட்டு. இரண்டு நாளாகச் சிறுநீர் கழிக்கையில் எரிச்சல். முந்தின நாள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டது. வழக்கமான காய்ச்சல் என்று ஒரு மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். அன்று மாலை பேச்சுக் குழறிற்று. மூச்சு வாங்கிற்று. காலையிலிருந்து சிறுநீர் இறங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மருத்துவமனையில் பார்த்தபோது இரத்த அழுத்தம் 80-க்கு 50.

நாம் போய்ச் சேர்ந்தபோது தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் அவர் மருமகள் ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பரிசோதனைச் சாலையிலிருந்து வந்த அறிக்கை அது. பத்துப் பன்னிரண்டு வரிகளுக்கிடையே ஒரு வரியில் மட்டும் தடித்த எழுத்து: லாக்டேட், 6.2. அவருடைய தம்பி, படித்த பிள்ளை, கைப்பேசியில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்திருக்கிறார்.

“அண்ணா, நாலுக்கு மேல் போனாலே பிழைப்பது கஷ்டமென்று போட்டிருக்கிறது. இது ஆறுக்கும் மேலே இருக்கிறது. மாமாவை ஊருக்கே கொண்டுபோய்விடலாம் என்று அக்கா சொல்கிறாள். நாளைய வண்டியில் எமர்ஜென்சி கோட்டாவில் இடம் வாங்கித் தருவீர்களா?” என்று கேட்டார்.

பெரியவரின் மனைவியார் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். “எதுவானாலும் நம் ஊர் மண்ணிலே ஆகட்டும், ஐயா” என்று மட்டும் சொன்னார்.

நாம் இரயில்வே அலுவலகத்தில் எழுத்தர். அத்தகைய விண்ணப்பங்கள் நம் மேசைக்கு வருவதுண்டு. ஊர் போய்ச் சேர ஒன்றரை நாள் பயணம். உண்மையைச் சொல்வதானால், அந்த அம்மையாரின் முகத்தைப் பார்த்தபின் ‘ஆகட்டும்’ என்று சொல்லும் நிலையில்தான் இருந்தோம். அவ்வேளையில் பணியிலிருந்த பெண் மருத்துவர் வெளியே வந்தார். அவர் ஹிந்தியில் கூறியதை நாம் தமிழில் எடுத்துச் சொன்னோம்: “மருந்து தொடங்கிவிட்டோம். ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் இரத்தம் எடுப்போம். அந்த எண்ணும் வரட்டும். இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள்.”

பின்னர் நடந்ததை இறுதியில் சொல்வோம். அந்த ஒற்றை எண் என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பது அன்றிரவு நம்மில் எவருக்கும் தெரியாது. பிறகு நூல்களில் படித்தும் மருத்துவ நண்பர்களிடம் கேட்டும் அறிந்தவற்றை, ஊரைவிட்டு வந்து வாழும் நம் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தால் இங்கே எழுதுகிறோம்.

நோய் எத்தகையது?

நம்மவர் ‘இரத்தத்தில் விஷம் கலந்துவிட்டது’ என்று சொல்வதுண்டு. மருத்துவர் இதனை ‘செப்சிஸ்’ என்பர். கிருமி ஓரிடத்தில் புகுகிறது. அது சிறுநீர்த் தாரையாக இருக்கலாம், நுரையீரலாக இருக்கலாம், குடலாக இருக்கலாம், காலில் பட்ட சிறு புண்ணாகவும் இருக்கலாம். அதனை எதிர்த்துப் போர் புரியும் உடலின் காவற்படை, கிருமியை மட்டும் தாக்காமல் நிலை தவறி உடலின் சொந்த உறுப்புகளையே சேதப்படுத்தத் தொடங்குகிறது. கிருமித் தொற்றுக்கு உடல் காட்டும் முறைகெட்ட எதிர்வினையால் உறுப்புகள் செயலிழந்து உயிருக்கு ஆபத்து நேரும் நிலையே செப்சிஸ் என்று 2016-ஆம் ஆண்டு அனைத்துலக நிபுணர் குழுவொன்று வரையறுத்தது.

இதன் முற்றிய நிலைக்குச் ‘செப்டிக் ஷாக்’ என்று பெயர். இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிந்துவிடுகின்றன. அவற்றின் சுவர் வழியே நீர் கசிகிறது. இரத்த அழுத்தம் வீழ்கிறது. நரம்பு வழியே போதிய நீர் ஏற்றிய பின்னும், சராசரி அழுத்தத்தை 65 என்னும் அளவில் நிறுத்துவதற்கே நார்-அட்ரினலின் போன்ற மருந்து தேவைப்பட்டு, அதனோடு இரத்தத்தில் லாக்டேட் 2 மில்லிமோலுக்கு மேல் இருக்குமானால் அது செப்டிக் ஷாக் என்று அதே குழு வகுத்தது. இந்நிலையை அடைந்து மருத்துவமனையில் கிடப்போரில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் இறக்கின்றனர்.

இது அரிய நோயுமன்று. 2017-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 4 கோடியே 89 லட்சம் பேருக்குச் செப்சிஸ் கண்டதென்றும், அவர்களில் 1 கோடியே 10 லட்சம் பேர் மாண்டனர் என்றும் 2020-இல் வெளிவந்த ஆராய்ச்சி மதிப்பிட்டது. அவ்வாண்டு உலகில் நேர்ந்த மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இது.

பாலின் புளிப்பும் இரத்தத்தின் புளிப்பும்

அன்றிரவு நம்மைக் கலக்கிய லாக்டேட் யாது? பால் புளிக்கும்போது உண்டாகும் அமிலத்தின் உறவுதான் அது. 1780-இல் ஸ்வீடன் நாட்டு இரசாயன அறிஞர் ஷீலே புளித்த பாலிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தார். பாலைக் குறிக்கும் லத்தீன் சொல்லையொட்டி ‘லாக்டிக் அமிலம்’ என்று பெயர் வந்தது.

இரத்தத்தில் அது கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு துயரமானது. 1843-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் பிரசவக் காய்ச்சல் பரவிற்று. கிருமி என்பது இன்னதென்று உலகம் அறியாத காலம். பிள்ளை பெற்ற இளம் பெண்கள் சில நாட்களிலேயே காய்ச்சல் கண்டு உயிர் நீத்தனர். அந்நகரின் ஜூலியஸ் மருத்துவமனையைச் சேர்ந்த யோஹான் யோசெப் ஷேரர் என்னும் மருத்துவ-இரசாயன நிபுணர், இறந்த பெண்களின் இரத்தத்தைச் சோதித்து அதில் லாக்டிக் அமிலம் இருப்பதைக் கண்டு, அவ்வாண்டே நூலில் எழுதி வைத்தார். உயிரோடிருக்கும் நோயாளியின் இரத்தத்தில் அது காணப்பட்டது 1858-இல். பெற்றெடுத்த குழந்தையை வளர்க்கக் கொடுத்துவைக்காத அத்தாய்மாரின் இரத்தமே இந்தப் பரிசோதனைக்கு முதற்பாடம் என்பதை நாம் மறத்தலாகாது.

பின்னும் நூறாண்டுக்கு மேல் கழிந்தது. 1964-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பிராடர், மாக்ஸ் ஹாரி வீல் என்னும் இருவர், அதிர்ச்சி நிலையிலுள்ள நோயாளி மீளுவாரா மாட்டாரா என்பதற்கு லாக்டேட்டின் மிகுதி ஓர் அறிகுறியாகும் என்று எழுதினர். 4 மில்லிமோல் என்னும் எல்லை மருத்துவ உலகில் வேரூன்றியது அதன் பிறகே. 1970-இல் வீலும் அஃபிஃபி என்பவரும் வெளியிட்ட கணக்கில், லாக்டேட் 2.1-லிருந்து 8 வரை ஏறும்போது, பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 90-லிருந்து 10 ஆகக் குறைவதாகக் காட்டினர். கைப்பேசியில் தேடிய அந்தத் தம்பியின் கண்ணில் பட்டதும் இவ்வகைக் கணக்குகளில் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆனால் அது பலவகை அதிர்ச்சி நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்து, அரை நூற்றாண்டுக்கு முந்திய சிகிச்சையை வைத்துப் போட்ட கணக்கு என்பதைக் கைப்பேசி அவருக்குச் சொல்லவில்லை.

அது ஏன் ஏறுகிறது?

நம் உடலின் உயிரணுக்கள் சர்க்கரையை எரித்துச் சக்தி பெறுகின்றன. பிராண வாயு போதிய அளவு கிடைக்கையில் அது முழுதும் எரிகிறது. கிடைக்காவிடில் பாதியில் நின்று லாக்டேட்டாகத் தங்குகிறது. ஓட்டப் பந்தயத்தில் ஓடிய பிள்ளைக்கும் லாக்டேட் ஏறும். சிறிது நேரத்தில் இறங்கிவிடும். இரத்த ஓட்டம் குன்றிய நோயாளிக்கோ உறுப்புகளுக்குப் பிராண வாயு போதாமையால் ஏறுகிறது.

இது மட்டுமன்று. நோயின் வேகத்தில் உடலில் அட்ரினலின் பெருகுவதாலும் சர்க்கரை விரைந்து உடைந்து லாக்டேட் மிகும். அதனை இரத்தத்திலிருந்து நீக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது ஈரல். ஈரல் சோர்ந்தால் நீக்கமும் குறைகிறது. ஆகவே லாக்டேட்டை நஞ்சென்று கொள்ளலாகாது. உள்ளே நிகழும் இடரை வெளியே வந்து சொல்லும் தூதன் அது.

தூதனின் சொல்லையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும். வலிப்புக் கண்டவருக்கும், ஈரல் நோய் முற்றியவருக்கும், சிலவகை ஆஸ்துமா மருந்து எடுத்துக்கொண்டவருக்கும் லாக்டேட் ஏறலாம். சர்க்கரை நோய்க்குப் பலரும் உண்ணும் மெட்பார்மின் மாத்திரையும், சிறுநீரகம் பழுதுற்ற வேளையில், அரிதாக இதனை ஏற்றுவதுண்டு. இதைப் படித்துவிட்டு எவரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடலாகாது. நோயாளி உண்ணும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் சொல்லவேண்டும் என்பதற்காகவே குறிப்பிடுகிறோம்.

இன்னும் ஒன்று. சில பரிசோதனைச் சாலைகள் மில்லிமோல் கணக்கிலும், சில மில்லிகிராம் கணக்கிலும் அறிக்கை தருகின்றன. 1 மில்லிமோல் ஏறத்தாழ 9 மில்லிகிராமுக்குச் சமம். ஒரு காகிதத்தில் 2 என்றும் மற்றொன்றில் 18 என்றும் இருந்தால் இரண்டும் ஒன்றே. எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகைப் பாராமல், ஒன்பது மடங்கு ஏறிவிட்டதென்று அலறுவோரும் உண்டு.

முதல் எண்ணும் இரண்டாம் எண்ணும்

இரயில் நிலையத்தில் வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்று அறிவிக்கிறார்கள். அதை வைத்து மட்டும் அவ்வண்டி சென்றடையும் நேரத்தைக் கூற இயலாது. அடுத்த பெரிய நிலையத்தில் தாமதம் ஒன்றரை மணி ஆயிற்றா, மூன்று மணி ஆயிற்றா என்று பார்த்தாலன்றோ, வண்டி இழந்த நேரத்தை மீட்கிறதா, மேலும் இழக்கிறதா என்பது விளங்கும்? லாக்டேட்டின் செய்தியும் அத்தகையதே.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 111 நோயாளிகளை வைத்து நடத்திய ஓர் ஆராய்ச்சி 2004-இல் வெளிவந்தது. மருத்துவமனைக்கு வந்த முதல் ஆறு மணி நேரத்தில் லாக்டேட் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். நூற்றுக்குப் பத்து வீதம் கூடுதலாகக் குறையும் ஒவ்வொரு படிக்கும், மரணம் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்குப் பதினொரு வீதம் குறைவதாகக் கண்டார்கள். மிக உயர்ந்த எண்ணோடு வந்தவரும் அது விரைந்து இறங்குமானால் நம்பிக்கைக்குரியவர். சற்றே உயர்ந்த எண்ணோடு வந்தவரும் அது இறங்க மறுக்குமானால் கவலைக்குரியவர்.

எனவேதான் முதற் பரிசோதனையில் 2-க்கு மேல் இருந்தால் சில மணி நேரத்துக்குள் மீண்டும் அளக்கிறார்கள். இரண்டாம் முறை இரத்தம் எடுக்கும்போது, ‘பணம் பறிக்கவே திரும்பத் திரும்பக் குத்துகிறார்கள்’ என்று நம்மவர் சிலர் சினப்பதுண்டு. இவ்விஷயத்தில் அச்சினம் பொருந்தாது. முதல் எண்ணுக்குப் பொருள் தருவதே இரண்டாம் எண்தான்.

பிற குறிகள்

லாக்டேட்டோடு வேறு சில குறிகளையும் மருத்துவர் நோக்குகின்றனர். ‘புரோகால்சிடோனின்’ என்பது ஒன்று. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் தோன்றும் ஒரு பொருளின் முன்வடிவம் இது. நலமாக உள்ளவர் இரத்தத்தில் மிகச் சொற்பம். பாக்டீரியாத் தொற்று கடுமையாகும்போது உடலின் பல பாகங்களிலிருந்தும் சுரந்து பன்மடங்காகும் என்பது 1993-இல் வெளியாயிற்று. இதிலும் இறங்கும் வேகமே முக்கியம். அமெரிக்க மருத்துவமனைகள் பதின்மூன்றில் நடந்து 2017-இல் வெளிவந்த ஆய்வில், நான்காம் நாளுக்குள் இது நூற்றுக்கு 80 வீதத்துக்கு மேல் குறைந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர் நூற்றுக்கு 10 பேர். அவ்வாறு குறையாதவர்களில் 20 பேர். பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் தீக்காயத்திலும் இது ஏறுவதுண்டு. ஆதலின் கிருமிக்கொல்லி மருந்தைத் தொடங்கலாமா என்பதை இதை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம் என்று 2021-ஆம் ஆண்டின் அனைத்துலக வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன. மருந்தை எப்போது நிறுத்தலாம் என்று அறிய இது உதவும்.

‘சி.ஆர்.பி.’ என்னும் குறி மிகப் பழையது. 1930-இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் நிமோனியா நோயாளிகளிடம் கண்டது. உடலில் அழற்சி எங்கிருந்தாலும் இது ஏறும். வீட்டில் கூச்சல் கேட்கிறது என்று சொல்லும். எந்த அறையில் என்று சொல்லாது.

இவற்றோடு எளிய பரிசோதனைகளும் உள்ளன. இரத்தத்திலுள்ள பிளேட்லெட் எண்ணிக்கை, ஈரலின் நிலையைக் காட்டும் பிலிருபின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பிராண வாயுவின் அளவு ஆகியவற்றையும், இரத்த அழுத்தத்தையும் நினைவுத் தெளிவையும் சேர்த்து, ஆறு உறுப்பு மண்டலங்களுக்குத் தலா 4 வரை, மொத்தம் 24 புள்ளிகள் இடும் ‘சோஃபா’ என்னும் முறை 1996-இல் வகுக்கப்பெற்றது. பள்ளிப் பிள்ளையின் மதிப்பெண் போலன்றி, இதிலே எண் கூடினால் கேடு.

குழந்தைகளுக்கெனவும் ஆராய்ச்சி நடந்துள்ளது. அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் ஹெக்டர் வாங் என்பவர் தலைமையில், இரத்தத்திலுள்ள ஐந்து புரதங்களைச் சேர்த்துப் பார்த்து, செப்டிக் ஷாக் கண்ட குழந்தைகளில் எவருக்கு ஆபத்து மிகுதி என்று வகைப்படுத்தும் முறையொன்றை 2012-இல் வெளியிட்டனர்.

இவ்வாறு தேடித் தேடிக் கண்ட குறிகள் எத்தனை என்று நினைக்கிறீர்கள்? 2010-இல் இருவர் கணக்கெடுத்தபோது 178. 2020-இல் மீண்டும் எடுத்தபோது 258! இத்தனையிருந்தும், இன்னார் பிழைப்பார், இன்னார் பிழையார் என்று தனியாக நின்று உறுதி சொல்லவல்ல குறி ஒன்றுகூட இல்லை என்பதே இன்றளவும் அறிஞர் கண்ட முடிவு.

விரல் நுனியில் ஒரு சோதனை

தென் அமெரிக்காவின் ஐந்து நாடுகளில் 424 செப்டிக் ஷாக் நோயாளிகளை வைத்து நடந்த ஒரு சோதனை 2019-இல் வெளியாயிற்று. ஒரு பாதியினருக்கு லாக்டேட் எண்ணைப் பார்த்துச் சிகிச்சையைக் கூட்டிக் குறைத்தார்கள். மறு பாதியினருக்கு விரல் நுனியைக் கண்ணாடித் துண்டால் பத்து வினாடி அழுத்தி விட்டு, வெளுத்த தோலில் இரத்தச் சிவப்புத் திரும்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்தார்கள். மூன்று வினாடிக்கு மேற்பட்டால் இரத்த ஓட்டம் போதாதென்று பொருள். 28 நாளில், விரலைப் பார்த்த பிரிவில் இறந்தவர் நூற்றுக்கு 34.9, லாக்டேட்டைப் பார்த்த பிரிவில் 43.4. இவ்வேற்றுமை தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்று கணித நெறி சொல்வதால், விரற்சோதனையே உயர்ந்தது என்று அதை வைத்து முடிவு கட்டவில்லை. எனினும் காசு செலவில்லாத அச்சோதனை இரத்தப் பரிசோதனைக்குத் தாழ்ந்ததன்று என்று கொள்ள இடமுண்டு. நாடி பிடித்தும் கைகால் தொட்டும் பார்த்த பழைய வைத்தியருக்கு இது புதுமையாக இராது.

நூற்றுக்கு நாற்பது என்றால் என்ன?

நூற்றுக்கு 40 பேர் இறப்பர் என்று படித்தால் மனம் நடுங்குகிறது. அதே கணக்கின் மறு பக்கத்தைப் பாருங்கள்: அரைவாசிக்கு மேற்பட்டோர் பிழைத்து வீடு திரும்புகின்றனர். அந்நூறு பேரில் நம் தந்தை எந்தப் பக்கம் என்பதை எக்கணக்கும் சொல்லாது. கூட்டத்தைப் பற்றிய கணக்கு அது, ஒருவரின் ஜாதகமன்று. அதற்கும் மேலாக, எண் உயர்ந்திருப்பதன் பயனே மருத்துவரை விரைவுபடுத்துவதுதான். ‘இவரிடம் ஒரு நிமிடமும் வீணாக்காதே’ என்று அது எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையைத் தீர்ப்பாக எண்ணி நோயாளியைச் சிகிச்சையிலிருந்து பெயர்த்துச் சென்றால், அந்த எண்ணை மெய்யாக்குவோர் நாமே.

விரைவின் மதிப்பையும் அளந்திருக்கிறார்கள். 2006-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், செப்டிக் ஷாக் கண்ட 2,700-க்கு மேற்பட்டோரின் பதிவுகளைப் பார்த்தபோது, இரத்த அழுத்தம் வீழ்ந்த முதல் மணி நேரத்துக்குள் உரிய கிருமிக்கொல்லி பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேர் பிழைத்தனர். அதன்பின் தாமதமான ஒவ்வொரு மணிக்கும் பிழைத்தோர் சராசரியாக நூற்றுக்கு 7.6 வீதம் குறைந்தனர். இதையறிந்தபின், ஒன்றரை நாள் இரயில் பயணத்துக்கு அன்றிரவு நாம் ஏற்பாடு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கூசுகிறது.

இல்லத்தார் செய்யத்தக்கவை

காய்ச்சலோடு பேச்சுக் குழறல், புத்தித் தடுமாற்றம், தாங்கவொண்ணாக் குளிர் நடுக்கம், மூச்சு வாங்குதல், நாள் முழுதும் சிறுநீர் இறங்காமை, கைகால் சில்லிட்டுத் தோல் திட்டுத் திட்டாக நிறம் மாறுதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. முதியோருக்குக் காய்ச்சலே இல்லாமலும் இது வரலாம். பிள்ளை பெற்ற தாய், பச்சிளங் குழந்தை, சர்க்கரை நோயாளி ஆகியோரிடம் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

ஊரிலிருந்து பெற்றோர் வரும்போது, அவர்கள் உண்ணும் மருந்துகளின் பெயரையும், முன்பு கண்ட நோய்களையும் ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை அறிக்கைகளை நாள், நேரப்படி அடுக்கி வையுங்கள். மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் சிலவே. மொழி தடுமாறும் நம் பெண்மணிகளுக்காக ஹிந்தியிலும் தருகிறோம்:

கிருமிக்கொல்லி எப்போது தொடங்கினீர்கள்? — ‘ஆண்டிபயாடிக் கப் ஷுரூ ஹுவா?’

லாக்டேட் எவ்வளவு? — ‘லாக்டேட் கித்னா ஹை?’

முன்னைவிடக் குறைந்ததா? — ‘பஹ்லே ஸே கம் ஹுவா க்யா?’

சிறுநீர் எவ்வளவு போகிறது? — ‘பேஷாப் கித்னா ஹோ ரஹா ஹை?’

‘பிழைப்பாரா?’ என்னும் கேள்விக்கு எந்த மருத்துவரும் முதல் நாள் விடை சொல்ல இயலாது. இந்நான்கு கேள்விகளுக்கும் விடை சொல்ல இயலும்.

அவ்விரவின் முடிவு

விடியற்காலை ஐந்து மணிக்கு இரண்டாம் அறிக்கை வந்தது: 4.1. இன்னும் உயரந்தான். ஆயினும் ஆறு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருந்தது. மருத்துவர் அதைக் காட்டி, “சரியான வழியில் போகிறது” என்றார். எமர்ஜென்சி கோட்டா பேச்சை அதன்பின் எவரும் எடுக்கவில்லை. அன்றிரவு 2.3. மூன்றாம் நாள் அழுத்த மருந்தை நிறுத்தினார்கள். நான்காம் நாள் பெரியவர் கண் விழித்து, தாம் வெற்றிலைப் பை வைத்த இடத்தைக் கேட்டாராம்.

இதோடு நிறுத்தினால் உண்மையில் பாதியை மறைத்தவராவோம். பக்கத்துப் படுக்கையில் ஓர் இளைஞர், நம்மைப்போலவே வேறு மாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவர், நுரையீரல் தொற்றோடு கிடந்தார். அவருடைய முதல் எண் 3-க்குச் சற்று மேல். அவர் தமையனார் நம்மிடம், “எங்களுக்குப் பாதிதான், பயமில்லை” என்று ஆறுதலோடு சொன்னார். அவ்வெண் இறங்கவில்லை, அடுத்த நாள் 5, அதற்கடுத்த நாள் 9. மருத்துவர்கள் செய்யாத முயற்சியில்லை. மூன்றாம் நாள் இரவு அவர் போய்விட்டார். அந்தத் தமையனாருக்கு இரண்டு வார்த்தை ஆறுதல் கூற நமக்கு அவர் மொழி தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தோம்.

அதிலிருந்து ஒரு யோசனை தோன்றியது. மருத்துவமனைக்குத் துணை சென்று, ஹிந்தியும் தமிழும் மாற்றிச் சொல்லக்கூடிய அன்பர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைச் சங்கத்தில் வைத்திருக்க வேண்டும். இரவில் வரக்கூடியவர்கள், பெண்களுக்குத் துணையாகப் பெண்கள் என்று பிரித்து எழுதலாம். அடுத்த மாதக் கூட்டத்தில் இதனைப் பிரேரேபிக்க எண்ணியுள்ளோம். விருப்பமுள்ள அன்பர்கள் செயலாளரிடம் பெயர் கொடுத்து உதவுமாறு வேண்டுகிறோம்.

பெரியவர் புரட்டாசி மாதக் கடைசியில் ஊர் திரும்பினார். அவருக்கும் அம்மையாருக்கும் பயணச் சீட்டு வாங்கித் தந்தது நாமே. எமர்ஜென்சி கோட்டா வேண்டியிருக்கவில்லை. இரண்டும் கீழ்ப் படுக்கை.